அடி மூணு ரூபா, மீட்டர் ஒம்பது ரூபா: எது மலிவு?

முக்கூடல் பக்கம் பீடி சுத்துற வீடுகள் நிறைய. அந்த வீட்டுப் பெண்களிடம் கூலியைப் பத்திப் பேசிப் பாருங்க. 'ஆயிரத்துக்கு எவ்வளவு?' என்பதுதான் முதல் கேள்வியா இருக்கும். வாங்குற இலைக்கு எடை, கொடுக்குற பீடிக்கு எண்ணிக்கை, கூலிக்கு ஆயிரம். இந்தக் கணக்கு அவங்களுக்கு விரல் நுனியில் இருக்கு. நம்ம விவசாயிகள் கடைக்குப் போகும்போது மட்டும் இதை மறந்துடுறோம்.

போன கோடையில் நடந்தது இது. திருப்பூரில் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின தம்பி ஒருத்தர், ஆத்துக்கு அந்தப் பக்கம் 50 செண்ட் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்குப் பிடிச்சு, இயற்கை முறையில் காய்கறி போட இறங்கினார். பட்டா அவர் பேரில் இல்லை, எழுத்துக் குத்தகையும் இல்லை. அதனால் சொட்டுநீர் மானியத்துக்கு மனுப் போட வழியில்லை. கைக்காசுதான். அந்தக் கைக்காசும் அவர் மனைவி பீடி சுத்திச் சேர்த்தது.

16 மி.மீ லேட்டரல் குழாய் வாங்கப் போனார். முதல் கடையில் ஒம்பது ரூபா. அடுத்த கடையில் மூணு ரூபா. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மூணு ரூபாதான் சொல்லுதாரு. மொத்தமா வாங்கிட்டு வந்திரட்டுமா?"

"என்னங்க, மூணு ரூபா எதுக்கு? அடிக்கா, மீட்டருக்கா? கேட்டீங்களா?"

கேட்டார். அடிக்கு மூணு ரூபா. முதல் கடைக்காரர் சொன்ன ஒம்பது ரூபா மீட்டருக்கு. குழாய் வாங்காமல் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு நேரா நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அன்னைக்கு ரெண்டு பேரும் உக்காந்து போட்ட கணக்குதான் இந்தப் பாடம். விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே செஞ்சு பாருங்க.

1. எல்லாத்தையும் மீட்டருக்குக் கொண்டு வாங்க

ஒரு அடி 30.48 செ.மீ. ஒரு மீட்டர் 3.28 அடி. அடி விலையை 3.28-ஆல் பெருக்கினால் மீட்டர் விலை வந்துடும்.

அடி 3 ரூபா என்றால் 3 × 3.28 = மீட்டருக்கு 9.84 ரூபா. ஒம்பது ரூபாயை விட 84 பைசா கூட! சின்ன எண்ணைச் சொன்ன கடைதான் அதிக விலைக் கடை.

ரோலா வாங்கினால் ரோல் விலையை அதில் இருக்கும் மீட்டரால் வகுக்கணும். 300 மீட்டர் ரோல் 2,550 ரூபா என்றால் மீட்டர் 8.50 ரூபா. '1,000 அடி ரோல் 2,500 ரூபா' என்றால், 1,000 அடி என்பது 304.8 மீட்டர், ஆக மீட்டர் 8.20 ரூபா.

2. எத்தனை மீட்டர் வேணும்?

கடைக்குப் போறதுக்கு முன்னாலேயே இது தெரிஞ்சிருக்கணும். வழி லேசானது: நிலத்தின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியால் வகுத்துடுங்க.

ஒரு செண்ட் 40.47 சதுர மீட்டர். 50 செண்ட் சுமார் 2,023 சதுர மீட்டர். வரிசை இடைவெளி 1.2 மீட்டர் (ஏறக்குறைய 4 அடி). 2,023 ÷ 1.2 = சுமார் 1,690 மீட்டர்.

84 பைசாதானேன்னு நினைக்கிறவங்க இப்ப பாருங்க. 1,690 மீட்டருக்கு 84 பைசா என்றால் 1,420 ரூபா. அந்தக் காசைச் சேர்க்க எத்தனை ஆயிரம் பீடி சுத்தணும்னு அந்த வீட்டில் கேட்டால் உடனே சொல்லிடுவாங்க.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. 300 மீட்டர் ரோல் மீட்டருக்கு 8.50 தான். ஆனால் 1,690 மீட்டருக்கு 6 ரோல் வாங்கினால் 15,300 ரூபா. மொத்தத்தையும் மீட்டர் 9 ரூபாவுக்கு வெட்டி வாங்கினாலே 15,210 தான்! ரோலில் 110 மீட்டர் மிஞ்சும். அது பின்னால் உதவும்னா சரி, இல்லைன்னா முடங்கின காசு. 5 ரோல் 12,750 ரூபாவுக்கும், மீதி 190 மீட்டரை 9 ரூபா விலையில் 1,710 ரூபாவுக்கும் வாங்கினால் மொத்தம் 14,460 ரூபா. தம்பி இந்தக் கணக்கைப் பார்த்ததும்தான் சிரிச்சார்.

3. தராசில் வச்சுப் பாருங்க

அப்படின்னா மீட்டர் 8.20-க்கு வந்த 1,000 அடி ரோலை ஏன் விட்டோம்? எடைதான் காரணம். வெளிவிட்டம் 16 மி.மீ உள்ள பாலிஎத்திலீன் குழாயின் சுவர் 1 மி.மீ கனம் இருந்தால் ஒரு மீட்டர் சுமார் 44 கிராம் இருக்கும். சுவர் 0.8 மி.மீ என்றால் சுமார் 35 கிராம்தான். ஆக 300 மீட்டர் ரோல் ஒண்ணு 13 கிலோ, இன்னொண்ணு பத்தரைக் கிலோ சொச்சம். கண்ணால் பார்த்தால் ரெண்டும் ஒரே கருப்புக் குழாய்தான்.

கனத்தைக் கேட்காமல் மீட்டர் விலையை ஒப்பிடுறது, நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலில் அளக்குற மாதிரி. நீளமும் எடையும் தெரிஞ்சால் எந்தக் கடையிலும் உங்களை ஏமாத்த முடியாது. ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க. லேட்டரல் குழாய்க்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 12786.

4. கிலோவில் வாங்கி மீட்டரில் கட்டும் பொருள்கள்

வேலிக் கம்பியும் கயிறும் இந்த வகை. கடையில் கிலோ விலை, வயலில் நீளம் செலவாகுது.

கம்பியில் கேஜ் எண் கூடக் கூட கம்பி மெலிசாகும். 12 கேஜ் கம்பி ஒரு கிலோவுக்குச் சுமார் 23 மீட்டர் வரும். 14 கேஜ் சுமார் 39 மீட்டர் வரும். கிலோ ரெண்டுக்கும் 90 ரூபா என்று வைங்க. 12 கேஜ் மீட்டர் 3.90 ரூபா, 14 கேஜ் மீட்டர் 2.30 ரூபா.

50 செண்ட் நிலம் சதுரமா இருந்தால் சுற்றளவு 180 மீட்டர். நாலு வரிசைக்கு 720 மீட்டர். 12 கேஜ் என்றால் 31 கிலோ சொச்சம், 14 கேஜ் என்றால் பதினெட்டரைக் கிலோ. அதே 50 செண்ட் 20 மீட்டர் அகலத்தில் நீளமாக் கிடந்தால் சுற்றளவு 240 மீட்டரைத் தாண்டிடும். பரப்பு ஒண்ணுதான், வேலிச் செலவு மூணில் ஒரு பங்கு கூடிடும். குத்தகைக்கு நிலம் பார்க்கும்போதே இதையும் பார்த்துக்கோங்க.

கிளுவை வேலிக்கும் இதே கணக்குதான். அடிக்கு ஒரு போத்து நட்டால் 180 மீட்டருக்குச் சுமார் 590 போத்து வேணும். போத்து விலையும் நடவுக் கூலியும் சேர்த்து மீட்டருக்கு என்ன ஆகுதுன்னு கம்பிக்குப் பக்கத்தில் எழுதி வச்சுப் பாருங்க. கம்பி துருப்பிடிக்கும், கிளுவை வருஷா வருஷம் கெட்டியாகும் என்பதையும் கணக்கில் சேருங்க.

வாழைக்குக் கட்டும் கயிறு வாங்கும்போது 10 மீட்டர் அளந்து எடை போடச் சொல்லுங்க. 10 மீட்டர் 80 கிராம் என்றால் கிலோவுக்கு 125 மீட்டர். தென்னங்கயிறு என்றால் காய்ஞ்சிருக்கான்னு தொட்டுப் பாருங்க. ஈரக் கயிற்றைக் கிலோவில் வாங்கினால் தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும்.

5. அகலமும் இருந்தால்?

நாற்றங்காலுக்கு நிழல்வலை வாங்குறீங்க. 3 மீட்டர் அகல வலை மீட்டர் 84 ரூபா, 4 மீட்டர் அகல வலை மீட்டர் 116 ரூபா. முதல் பார்வைக்கு ரெண்டாவது ரொம்ப விலை. அகலத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 28 ரூபாவும் 29 ரூபாவும்தான். நிழல் சதவீதம் ஒண்ணா இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். 50 சதவீத வலையை 75 சதவீத வலையோடு ஒப்பிடக் கூடாது.

6. வருஷத்தால் வகுத்துப் பாருங்க

மெல்லிசுக் குழாய் மீட்டர் 8.20, ரெண்டு வருஷம் உழைக்குது என்று வைங்க. வருஷத்துக்கு மீட்டர் 4.10 ரூபா. கனமான குழாய் 8.50, நாலு வருஷம் வருது. வருஷத்துக்கு 2.13 ரூபா. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீங்க. ஏற்கெனவே அதைப் போட்டிருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்க.

7. சட்டம் உங்க பக்கம்

பூக்காரம்மா முழம் போட்டுக் கொடுக்கும்போது கை நீளத்துக்குத் தக்க பூ வரும். அதில் மனஸ்தாபம் இல்லை. ஆயிரம் மீட்டர் குழாய்க்கு அப்படி விட முடியாது. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலை சொல்வதும் விற்பதும் மெட்ரிக் அளவில்தான் இருக்கணும். நீளத்துக்கு மீட்டர்தான். அதனால் 'மீட்டர் விலை சொல்லுங்க அண்ணாச்சி'ன்னு கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பொட்டலமா வரும் பொருளில் மொத்த விலையோடு ஓர் அலகுக்கான விலையும் அச்சிடணும்னு 2021-இல் விதியைத் திருத்தினாங்க. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பொருளுக்கு மீட்டர் விலை லேபிளில் இருக்கணும். தமிழ்நாட்டில் தராசு, அளவுகோல் முத்திரையைக் கவனிக்கிறது தொழிலாளர் துறை. அளவில் குறை கண்டால் பில்லோடு அங்கே புகார் கொடுக்கலாம்.

நிலம் உங்க பேரில் இருந்தால், கைக்காசு போடுறதுக்கு முன்னால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தர்ற திட்டம் இருக்கு.

வீட்டுப்பாடம்

அ) கயிறு கிலோ 180 ரூபா, கிலோவுக்கு 120 மீட்டர் வரும். இன்னொரு கடையில் 100 மீட்டர் கண்டு 140 ரூபா. எது மலிவு?

ஆ) ஓஸ் குழாய் அடி 14 ரூபா. 30 மீட்டர் சுருளாக வாங்கினால் 1,290 ரூபா. உங்களுக்கு வேண்டியது 25 மீட்டர். எப்படி வாங்குவீங்க?

விடை: அ) கிலோ கயிறு மீட்டர் 1.50, கண்டு மீட்டர் 1.40, தடிமன் ஒண்ணா இருந்தால் கண்டுதான் மலிவு. ஆ) அடி விலை மீட்டருக்கு 45.92, 25 மீட்டருக்கு 1,148 ரூபா. சுருள் மீட்டருக்கு 43 தான், ஆனால் மொத்தமா 142 ரூபா கூட. மிஞ்சும் 5 மீட்டருக்கு வேலை இருந்தால் சுருள், இல்லைன்னா வெட்டி வாங்குங்க.

தம்பி தோட்டத்தில் இப்ப கத்தரியும் வெண்டையும் காய்ப்பில் இருக்கு. கடைக்குப் போனால் சட்டைப் பையில் அந்த நோட்டும் போகும். அதன் முதல் பக்கத்தில் அவர் மனைவி கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'எதுக்கு?'

விலை எவ்வளவுன்னு கேட்டால் பாதிக் கேள்விதான். அந்த விலை எதுக்குன்னு கேட்டால்தான் முழுக் கேள்வி.