சிப்காட் கட்டையும் புகையில்லா அடுப்பும்

கும்மிடிப்பூண்டி வாசகிக்கு,

பின்கட்டில் இருக்கும் பழைய கொடியடுப்பை இடித்துவிட்டு, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் புகையில்லா அடுப்பு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து பேக்கிங் கட்டை மலிவாகக் கிடைப்பதால் விறகுக்குக் கவலையில்லை என்றும் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலையே அதுதான். அடுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சரக்கோடு வரும் மரப்பெட்டி, பேலட் ஆகியவற்றின் பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் போல ஒரு சின்னம், நாட்டின் குறி, கூடவே எச்.டி. அல்லது எம்.பி. என்ற ஆங்கில எழுத்துகள். எச்.டி. என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேற்றி, 30 நிமிடம் வைத்திருந்து பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எண்ணெய்க் கறையோ ரசாயனம் சிந்திய தடமோ இல்லையென்றால் அதை எரிக்கலாம். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் மூட்டம் போட்டது. அதை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் இருப்பது ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பச்சைச் சாயல் ஏறிய கட்டை கிடைத்தால் கையோடு ஒதுக்கிவிடுங்கள். கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றிய மரமாக இருக்கலாம். எரித்தாலும் ஆர்செனிக் போகாது, பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பலைத்தானே கீரைப்பாத்தியில் தூவுகிறோம்!

விறகுத் தொட்டியில் சவுக்கோ வேலிகாத்தானோ வாங்குவதே நல்லது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே நெருப்பு செலவாகிவிடும், மிச்சம் புகை. மாசியிலேயே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு வையுங்கள். ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும்.

இனி அடுப்பு. புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. வார்தாவின் மகன்வாடியில் 1940களிலேயே 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு உருவானது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி அடுப்பை வடிவமைத்து, 1953-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். 1980களில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் 2002-இல் முடிவதற்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பாத்திரத்துக்கு வாய் பொருந்தவில்லை, விறகை நறுக்கி நறுக்கி வைக்க வேண்டியிருந்தது, குழாயில் கரி அடைத்துக்கொண்டது. ஒடிசா கிராமங்களில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த ஆய்விலும் முதல் ஆண்டில் குறைந்த புகை பிறகு பழையபடி ஆனது. வீட்டுக்காரர்கள் அடுப்பைப் பராமரிக்கவும் இல்லை, தொடர்ந்து பயன்படுத்தவும் இல்லை. அந்த வீட்டுப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர் அதில் உலை வைத்துப் பார்த்திருப்பார்கள்?

உங்கள் கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். நெருப்பு எரியும் அறை சிறிதாக, மூன்று பக்கமும் மூடியிருக்கட்டும். விறகு தரையில் கிடக்காமல் கம்பித் தட்டின்மேல் எரிய வேண்டும். கீழிருந்து காற்று ஏறினால்தான் புகையும் சேர்ந்து எரியும். தட்டுக்கு உங்கள் ஊர் உருக்காலைகளின் முறுக்குக் கம்பித் துண்டுகளே போதும். சூட்டில் வளையும், வளைந்தால் மாற்றிக்கொள்ளலாம். தவலை அடுப்பு வாயில் இடுக்கில்லாமல் உட்கார வேண்டும். திறந்த அடுப்பில் விறகுச் சூட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மேம்பட்ட அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 25 சதவீதம்.

புகைபோக்கிக்கு நான்கு அங்குல இரும்புக் குழாய் போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் அடுப்பை ஒட்டி வேண்டாம். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சே புகையும். கல்நார் குழாயை அறுக்கவே கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது. கூரைக்கு மேல் இரண்டடியாவது குழாய் உயரட்டும். ஓலைக் கூரையானால் குழாயைக் கூரை வழியே விடாமல் சுவர்ப்பக்கமாக வெளியே கொண்டுபோய், பொறி கூரையில் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை கழியில் சாக்குத்துணி சுற்றிக் குழாயைத் துடைப்பது உங்கள் வீட்டுக்காரர் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்று, மார்கழிப் பனிக்குக் கங்குச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் உண்டென்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். புகையே தெரியாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. கொடைக்கானல் குளிருக்குக் கரியடுப்பை அறையில் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி வந்திருக்கிறது.

கொத்தனார் வருகிற அன்று மாமியாரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அடுப்பு வாய் எத்தனை அங்குலம், விறகு எவ்வளவு நீளம் என்பதை அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்