ஐந்து அதிசாரங்களும் கறிக்கோழிப் பண்ணையும்

அகிம்சை அணுவிரதத்தில் மாசு படியச் செய்யும் குற்றங்கள் ஐந்து என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்து வருத்துதல், உறுப்பை அறுத்தல், தாங்க இயலாத பாரத்தை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்திலும், சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் இவற்றைக் கூறுகின்றனர். பாடசாலையில் பயின்ற நம் பிள்ளைகள் இவ்வைந்தையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆயின், இவ்வைந்தனுள் கொலை இடம்பெறவில்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பர்? கொலை விரதத்தையே முறித்துவிடுவது. அது அநாசாரம் எனப்படும். அதிசாரங்களோ, ஓர் உயிர் நம் கையில் வாழ்ந்துகொண்டிருக்கும் காலத்தில் அதற்கு நேர்வன.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, இன்று நம் மாநிலத்தில் பெருகியிருக்கும் கறிக்கோழிப் பண்ணைகளை இப்பாடத்தில் ஆராய்வோம். புலால் உண்ணாத நமக்கு இதனால் ஆவது என்ன எனச் சிலர் வினவலாம். நம்மில் பெரும்பாலோர் வேளாண் குடியினர். நம் நிலத்தில் விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனமாகிறது. நம் பிள்ளைகளுள் சிலர் கால்நடை மருத்துவம் பயில்கின்றனர். ஊரை ஒட்டிய தரிசு நிலத்தைக் கோழிக்கொட்டகைக்குக் குத்தகைக்கு விடலாமா என்னும் கேள்வியும் எழுகின்றது. பாராமல் இருப்பதனால் ஒரு பொருள் இல்லாமற் போய்விடாது.

தமிழகத்தில் நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பெயர் பெற்றது. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரம் கறிக்கோழிக்குப் பெயர் பெற்றது. முட்டைக்கோழி கம்பிக் கூண்டில் வாழ்கிறது. கறிக்கோழியோ தேங்காய் நார்த்தூள் அல்லது உமி பரப்பிய தரையில், கூண்டின்றி வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனம் கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. ஏறத்தாழ 6 வாரங்களில் 2 கிலோ எடைக்கு வளர்ந்த கோழியை நிறுவனம் எடுத்துக்கொண்டு, கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி கொடுக்கும்.

இத்தகைய பண்ணையில் உயிர்கள் எந்நிலையில் உள்ளன என்பதை எவ்வாறு அளப்பது? 1964-இல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்னும் பெண்மணி, விலங்குகள் இயந்திரங்களாக்கப்பட்டுவிட்டன என்று ஒரு நூல் எழுதினார். நாடெங்கும் எழுந்த அதிர்ச்சியால் அரசு பிராம்பெல் என்பாரின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1965-இல் அக்குழு அளித்த அறிக்கையின் வழியில், 1979-இல் ஐந்து விடுதலைகள் வகுக்கப்பட்டன. பசி தாகத்திலிருந்தும், வசதியின்மையிலிருந்தும், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்தும், அச்சத்திலிருந்தும் விடுதலை. இயல்பான செயல்களைச் செய்யும் விடுதலை. நம் ஐந்து அதிசாரங்களோடு இவற்றை ஒத்துப் பார்க்கும் வாசகர்க்கு வியப்பு உண்டாகும். ஆசாரியர்கள் இக்கணக்கைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதிவிட்டனர்.

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கொட்டகையை அளந்தனர்: நீளம் எவ்வளவு, தண்ணீர்க் குழாய் எத்தனை, மின்விசிறி எத்தனை என்று. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய நமக்கு இது பழக்கமான காட்சி. பார்வையிட வருவோர் கரும்பலகையையும் இருக்கையையும் எண்ணிக் குறித்துக்கொள்வர். பிள்ளையின் ஏட்டைத் திறந்து பார்ப்பவர் அரியர். கோழிப்பண்ணை ஆய்வில் அந்த ஏடு கோழியின் உடல். ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் கூடி 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை, நான்கு கொள்கைகளையும் பன்னிரண்டு அளவைகளையும் கொண்டது. அதன் சிறப்பு, கொட்டகையை விடக் கோழியை மிகுதியாகப் பார்ப்பதே. கோழியின் நடை, பாதம், இறகு, மூச்சு ஆகியவையே அதற்குச் சான்றுகள்.

இனி நம் ஐந்தையும் கையில் கொண்டு உள்ளே செல்வோம்.

கட்டுதல். கயிறும் இல்லை, கூண்டும் இல்லை. ஆகவே இக்குற்றம் இல்லை எனப் பண்ணையாளர் சொல்வர். குஞ்சுப் பருவத்தில் அது உண்மையே. நம் ஊர்த் திறந்தவெளிக் கொட்டகைகளில் ஒரு கோழிக்குப் பொதுவாக ஒரு சதுர அடியை ஒட்டிய இடம் கிடைக்கிறது. குஞ்சு ஓடியாட அது போதும். ஐந்தாம் வாரத்தில் அதே இடத்தை உடலே நிறைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் இயற்றிய நெறிமுறை, தலைகளை எண்ணாமல் எடையை எண்ணுகிறது: ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ, கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 39, மிகச் சிறந்த பராமரிப்பெனில் 42.

வருத்துதல். பண்ணையில் எவரும் கோழியை அடிப்பதில்லை. ஆயினும் தரையே அடிக்கும். எச்சத்தின் ஈரம் கூளத்தில் தங்கினால் அம்மோனியா வாயு எழும். ஈரக் கூளத்தில் அமர்ந்திருக்கும் கோழியின் பாதமும் முழங்காலும் வெந்து புண்ணாகும். ஒரு பிடி கூளத்தை அள்ளிக் கையில் இறுக்கிப் பார்த்தல் எளிய சோதனை. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி; கை விரித்ததும் உதிர்ந்தால் நலம். அம்மோனியா பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேற்படலாகாது என்பது மேற்கூறிய ஐரோப்பிய நெறிமுறையின் வரம்பு. அதனை அளக்க வேண்டிய இடம் கோழியின் தலை மட்டம் என்றும் அந்நெறிமுறை சொல்கிறது. நின்றுகொண்டு மூச்சிழுக்கும் மனிதருக்குக் காற்று நன்றாகவே தோன்றும். குந்தி அமர்ந்தால்தான் கண் எரிவது தெரியும். உயிர்களின் துன்பத்தை அறிய அவற்றின் உயரத்திற்கு இறங்க வேண்டியிருக்கிறது.

வெப்பமும் வருத்தமே. கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைப்பதே அதன் வழி. சித்திரை, வைகாசி நண்பகலில் எத்தனை கோழிகள் வாய் பிளந்து நிற்கின்றன என எண்ணுவது ஒரு மதிப்பீடு. குஞ்சுகளுக்கோ இதற்கு மாறான அடையாளம்: வெப்ப விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், விலகி ஓரம் சென்றால் சூடு, எங்கும் பரவிப் படுத்திருந்தால் தக்க நிலை. படித்தறியாத முதிய பண்ணைப் பெண்களும் இதனை ஒரே பார்வையில் சொல்லிவிடுவர்.

உறுப்பை அறுத்தல் கறிக்கோழியில் அரிது. அலகு வெட்டுதல் பெரும்பாலும் முட்டைக்கோழிக்கும் இனப்பெருக்கக் கோழிக்கும் நேர்வது. இல்லாத குற்றத்தை இல்லையென்று எழுதுவதும் மதிப்பீட்டாளரின் கடமை.

நான்காவதாகிய மிகு பாரமே இப்பாடத்தின் நடுவிடம். எருதின் முதுகில் ஏற்றும் சுமையையும், கழுதையின் மேல் அடுக்கும் மூட்டையையும் எண்ணியே இதனை நாம் கற்பித்து வந்தோம். கறிக்கோழியின் முதுகில் எதுவும் இல்லை. பாரம் அதன் உடலுக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழியினங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டனர். 56 ஆம் நாளில் முதலினம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனம் மாறவில்லை, பிறப்பே மாறியிருக்கிறது. மார்புத் தசை விரைந்து பெருக, எலும்பும் இதயமும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் தளர்கின்றன. சில கோழிகளுக்கு வயிற்றில் நீர் கோக்கிறது. சில, இரை தின்றுகொண்டிருக்கும்போதே சிறகடித்து மல்லாந்து இறக்கின்றன.

இப்பாரத்தை அளக்கும் கோல், நடை மதிப்பெண். பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 1992-இல் வகுத்த முறைப்படி 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. இங்கே பூஜ்யமே முதல் தரம். செவ்வனே நடப்பது 0. குறை தெரிந்தும் தடையின்றி நடப்பது 2. நடப்பதற்கே தடை ஏற்பட்டது 3. விரட்டினால் மட்டும் சில அடி நகர்வது 4. நடக்கவே இயலாதது 5. 2008-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று 51,000 கோழிகளை இவ்வாறு பார்த்தது. சராசரி 40 ஆம் நாளில் நூற்றுக்கு 27.6 கோழிகளின் நடை கெட்டிருந்தது, 3.3 கோழிகள் ஏறக்குறைய நடக்கவே இயலாதிருந்தன.

நொண்டுவதனால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது, அது அதன் நடையாகவே இருக்கலாமே என்று வாதிடுவோரும் உண்டு. 2000-இல் வெளியான மற்றொரு ஆய்வு இதற்கு விடை கண்டது. நொண்டும் கோழிகளுக்கும் நலமுள்ள கோழிகளுக்கும் இருவேறு நிறத் தீவனம் வைத்தனர்; ஒன்றில் வலி நீக்கும் மருந்து கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துள்ள தீவனத்தை மிகுதியாகத் தேர்ந்து உண்டன. நொண்டல் கடுமையாகக் கடுமையாக, உண்ட மருந்தின் அளவும் கூடியது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் எனப் பறவையை நம் ஆகமம் வகைப்படுத்தியதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. வாயில்லா உயிர் தன் வலியைத் தானே சான்றாக வைத்த நிகழ்ச்சி என்பதால் இங்கே குறித்தோம்.

உணவும் நீரும் மறுத்தல் என்னும் ஐந்தாவதைப் பார்ப்போர், இங்குக் குற்றமே இல்லை என்று கருதிவிடுவர். கோழிக்கு நாள் முழுதும் தீவனம் உண்டு. இரவிலும் விளக்கேற்றி உண்ணச் செய்கின்றனர். இராவுணவு துறந்த நமக்கு அந்த விளக்குகளைக் காணும்போது தோன்றும் எண்ணம் வேறு. ஐரோப்பிய நெறிமுறை, நாளில் 6 மணி நேரமேனும் இருள் வேண்டும் என்றும், அதில் 4 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உயிர்க்கு உறக்கமும் உணவைப் போன்றதே. ஆனால் உண்மையான பசி கொட்டகையில் இல்லை. அது அக்குஞ்சுகளின் தாய் தந்தையரிடம் உள்ளது. அவையும் அதே விரைவில் வளரும் இனம். வயிறார உண்ணவிட்டால் கொழுத்து நோயுற்று, முட்டையிடும் திறனையும் இழந்துவிடும். ஆதலால் வளரும் பருவத்தில், அவை விரும்பி உண்ணக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே தீவனம் அளக்கப்படுகிறது. பிள்ளைக்கு மிகு பாரம், பெற்றோர்க்குப் பசி. இரண்டும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை. பண்ணையை மட்டும் பார்த்துத் திரும்பும் மதிப்பீட்டாளர் இதனைக் காணமாட்டார்.

இனி, பண்ணைகள் தமக்கென வைத்திருக்கும் மதிப்பெண்களையும் அறிதல் வேண்டும். கொட்டகையில் தொங்கும் அட்டையில் நாள்தோறும் இறந்த கோழிகளின் எண்ணிக்கை, தீவன அளவு, எடை ஆகியவை எழுதப்படும். நூற்றுக்கு ஐந்துக்குள் சாவு எனில் நல்ல பண்ணை. நொண்டிக்கொண்டே 2 கிலோ எட்டிய கோழி அந்த அட்டையில் முழு மதிப்பெண் பெற்ற கோழி! வளர்ப்புக் கூலியும் அந்த அட்டையைப் பார்த்தே அமைகிறது. இதற்காக விவசாயியைக் கொடியவர் என்பது அறியாமை. கூளத்தைக் கிளறி உலர்த்துவதும், திரையை ஏற்றி இறக்குவதும், தண்ணீர்க் குழாயின் ஒழுக்கை அடைப்பதும் அவர் கையில் உள்ளன; அவற்றைப் பொறுப்புடன் செய்வோர் பலர். ஆனால் எவ்வினக் குஞ்சு என்பதும், ஒரு தொகுதிக்கு எத்தனை என்பதும் அவர் கையில் இல்லை. குற்றம் யாருடையது என்பதைப் பிரித்துக் காட்டாத மதிப்பீடு, எளியவர் மேல் பழியைச் சுமத்திவிடும்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1950-களில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த தனி மசோதாவின் பயனாக, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269 ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் வளர்ப்புக்கும் போக்குவரத்துக்குமே ஒதுக்கி, வரைவு விதிகளையும் இணைத்தது. இரு சக்கர வண்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுச் செல்லும் காட்சியை நாம் எல்லாரும் தெருவில் கண்டிருக்கிறோம். அதற்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை.

இத்தனை மதிப்பீட்டுக்குப் பின்னும் அக்கோழி ஆறாம் வாரத்தில் கொல்லப்படத்தானே போகிறது, நல்ல மதிப்பெண் கொடுப்பது கொலைக்கு நற்சான்று ஆகாதா என்பது வலிய வினா. ஆகாது என்பது நம் துணிபு. நடை 0 எனக் குறிக்கப்பட்ட கோழியையும் கொல்லுதல் இம்சையே. அந்த அநாசாரத்தை எந்த மதிப்பெண்ணும் குறைக்காது. ஆயினும் அந்த நாற்பது நாளும் அவ்வுயிர்க்கு வாழ்நாள். அந்நாளின் துன்பத்தைக் குறைக்கும் கால்நடை மருத்துவர் நம் வீட்டுப் பிள்ளையாயின், அவர் செய்வது ஜீவதயையே.

குத்தகைக் கேள்விக்கு விடை வேறு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூன்று வழியில் வருகிறது. கொட்டகைக்கென்றே நிலத்தை விட்டு, அதன் வருவாயை ஆண்டுதோறும் வாங்குவது உடன்படுதலின்றி வேறென்ன? யசோதர காவியத்தின் கதையை நாம் அறிவோம். மன்னன் பலியிட்டது உயிருள்ள கோழியன்று, மாவினால் செய்த கோழி. அதுவும் தாயின் வற்புறுத்தலால். அதன் பயனாக அவ்விருவரும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து, கோழியாகவும் பிறந்தனர். மாக்கோழிக்கே அக்கணக்கு என்றால், குத்தகைப் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன் குடும்பத்தார் கூடி எண்ணிப் பார்க்கட்டும். தரிசில் புங்கமோ வேம்போ வைத்தாலும் ஏதோ வருவாய் உண்டு. சந்தையில் விற்கும் மக்காச்சோளத்தின் நிலை இத்தனை தெளிவானதன்று. அது எங்கே போகிறது என்பது பயிரிட்டவர் கையில் இல்லை.

முடிவாக, மகாவீரர் ஜயந்தி நாளில் கடையிலிருந்து கறிக்கோழிகளை விலைக்கு வாங்கி விடுவிக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. கடைக்காரர் அந்தப் பணத்தில் மறுநாளே வேறு கோழி வாங்குவார் என்பதை முதலில் அறிக. விடுவிக்கப்பட்ட கோழியைத் திறந்த வெளியில் விட்டுவிடுதல் தயை ஆகாது. ஓடவும் பறக்கவும் இயலாமல் நாய்க்கு இரையாகும். இல்லத்திலேயே வைத்துக் காக்க முன்வருவோர், நிழலும் உலர்ந்த தரையும் தாழ்வான நீர்த் தட்டும் அமைக்க வேண்டும். பண்ணைத் தீவனத்தை நிறுத்தி, அளவறிந்து தானியமும் கீரையும் கொடுக்க வேண்டும். அன்பு மிகுதியால் அள்ளி இட்டால் மீண்டும் அதே பாரம் ஏறும். கால் வீங்கினால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது, நாட்டுக்கோழி அன்று, கறிக்கோழி இனம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுக.