ஸ்டெபிலைசர் வாங்குறதுக்கு முன்னாடி: பழைய வீட்டு லோ வோல்டேஜும் உங்க கரண்ட் பில்லும்



போன கோடையில் சதுரங்கப்பட்டினத்தில் இருந்து அத்தை போன் பண்ணினாங்க. "தம்பி, இஎம்ஐ-ல ஏசி வாங்கினோம். ராத்திரி ஆனா லைட் மங்குது, ஏசி நின்னு நின்னு ஓடுது. கல்பாக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கோம், எங்களுக்கே கரண்ட் பத்தலையா?"

"ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்க அத்தை"ன்னு யோசிக்காம சொல்லிட்டேன். ₹4,500 செலவு. நான் கொடுத்ததிலேயே மோசமான அட்வைஸ் அதுதான். ஏன்னு பார்ப்போம்.

அணுமின் நிலையம் பக்கத்தில் இருக்கிறதால வோல்டேஜ் கூடாது. அங்கே தயாராகிற மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகள் வழியா கிரிட்டுக்குப் போயிடும். நம்ம வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது கடைசித் தூரம்தான்: தெரு டிரான்ஸ்ஃபார்மர், சர்வீஸ் வயர், வீட்டு வயரிங்.

முதல்ல அளந்து பாருங்க

ஏசி ஓடும்போது இரண்டு இடத்தில் வோல்டேஜ் எடுக்கணும்: ஒன்று மீட்டரில், இன்னொன்று ஏசி பாயின்ட்டில். பல டிஜிட்டல் மீட்டர்களில் பட்டனை அழுத்தினாலே வோல்டேஜ் தெரியும். ஏசி பாயின்ட்டை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அளக்கட்டும். மீட்டர் சீலை யாரும் தொடக் கூடாது.

விதிப்படி 230 வோல்ட்டில் 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. அத்தை வீட்டு மீட்டரில் 220, ஏசி பாயின்ட்டில் 190. இபி சரியாத்தான் கொடுக்குது. 30 வோல்ட் வீட்டுக்குள்ளேயே காணாமப் போகுது!

இப்ப கணக்குக்கு வருவோம்

ஏசி 7 ஆம்ப் இழுத்தால், 30 × 7 = 210 வாட். இது ஏசிக்குப் போகலை, வயரிலும் ஜாயின்ட்டிலும் சூடாகுது. தினம் 8 மணி நேரம் இதே அளவில் ஓடினால், இரண்டு மாசத்துக்கு சுமார் 100 யூனிட். அரசு ஒவ்வொரு பில்லிலும் இலவசமாத் தர்ற 100 யூனிட்டை அப்படியே சுவருக்குள்ள எரிக்கிறோம்! மீட்டரைத் தாண்டி நடக்கிற இழப்பு என்பதால் பில் நமக்குத்தான். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா, கீழ் ஸ்லாப் ரேட்டும் ஏறிடும்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒண்ணு இருக்கு. வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க, ஸ்டெபிலைசர் லைனில் இருந்து இன்னும் அதிக கரண்ட் இழுக்கும். பழுதான ஜாயின்ட் இன்னும் சூடாகும். போர்டைத் திறந்து பார்த்தப்போ, நியூட்ரல் ஜாயின்ட் உப்புக் காத்தில் அரிச்சு, இன்சுலேஷன் உருகிக் கருகியிருந்தது. பக்கத்து ரூமில்தான் பேரக் குழந்தைங்க தூங்குறாங்க. என் அட்வைஸ் அந்த நெருப்புக்குத்தான் விசிறி வீசியிருக்கு.

ஏசிக்குத் தனியா 4 சதுர மி.மீ. காப்பர் வயர், புது ஜாயின்ட், கூலி எல்லாம் சேர்த்து ₹7,000. இப்போ ஏசி பாயின்ட்டில் 217. ஸ்டெபிலைசருக்கு வேலையே இல்லை.

உங்க வீட்டில் என்ன செய்யணும்?

1. மீட்டரில் சரி, உள்ளே குறைவு: வயரிங்கைப் பாருங்க. வாடகை வீடா? 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, வயரிங் பராமரிப்பு ஓனர் பொறுப்பு. ரீடிங்கை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்க.

2. மீட்டரிலேயே 216-க்குக் கீழே: பக்கத்து வீட்டிலும் அப்படியான்னு கேளுங்க. உங்களுக்கு மட்டும்னா சர்வீஸ் வயர் ஜாயின்ட்டில் சந்தேகம். தெருவுக்கே அப்படின்னா டிரான்ஸ்ஃபார்மர் லோடு. இரண்டுமே இபி வேலை. மின்னகம் 94987 94987-ல் புகார் பண்ணி, நம்பரைக் குறிச்சு வைங்க. தீரலைன்னா செங்கல்பட்டு வட்ட மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதுக்கு மேலே மின்குறை தீர்ப்பாளர்.

3. சில லைட் மங்கி, சில லைட் பளிச்சுன்னு எரியுது: நியூட்ரல் விட்டிருக்கலாம். உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க. அப்புறம்தான் போன்.

இந்த மூணையும் பார்த்த பிறகும் வோல்டேஜ் ஏறி இறங்கினா, தாராளமா ஸ்டெபிலைசர் வாங்குங்க.

கணக்குப் புத்தகத்தில் பணம் இடிச்சா, எந்தப் பக்கத்தில் ஓட்டைன்னு தேடாம மேலே பணம் போட மாட்டோம். கரண்ட்டுக்கும் அதே விதிதான். இந்த வாரம் ஊருக்குப் போறவங்க, அம்மா அப்பா வீட்டு மீட்டரில் ஒரு ரீடிங் எடுத்துட்டு வந்து கமென்ட்டில் சொல்லுங்க.