பழைய படகில் புதிய எஞ்சின்: பற்சக்கர விகிதமும் உந்துவிசிறியும்

விசைப்படகின் எஞ்சின் தேய்ந்துபோன பின்னரும் அதன் உடற்பகுதி பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். எனவே புதிய படகு கட்டுவதைவிட, பழைய படகில் புதிய எஞ்சினைப் பொருத்துவதே சிக்கனமாகும். ஆனால், இதற்கான கடன் விண்ணப்பங்களில் எஞ்சினின் குதிரைத்திறனும் விலையுமே பெரும்பாலும் கவனிக்கப்படுகின்றன. மீனவரின் அன்றாட டீசல் செலவைப் பெரிதும் நிர்ணயிப்பவை, அந்த எஞ்சினுடன் இணையும் பற்சக்கரப் பெட்டியும் (கியர் பாக்ஸ்) உந்துவிசிறியும் (புரொப்பெல்லர்) ஆகும்.

நீண்டகரை தந்த பாடம்

கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் 1953-இல் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. வழிவழியாக வந்த நாட்டுப் படகுகளிலேயே எஞ்சின் பொருத்த முதலில் முயற்சி செய்யப்பட்டது. அவற்றின் அமைப்பு அதற்கு ஏற்றதாக இல்லாமையால், எஞ்சினுக்கேற்ற சிறு படகுகள் தனியே வடிவமைக்கப்பட்டன. படகின் உடல், எஞ்சின், உந்துவிசிறி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் இப்பாடம் மேலும் முக்கியத்துவம் பெற்றது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் திட்டம், சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஓர் ஆய்வேட்டை வெளியிட்டது. வேகத்தைச் சற்றுக் குறைத்தலும், மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியைப் பொருத்தலும் சிக்கனத்திற்கான முக்கிய வழிகளாகும்.

நீளம் விதிக்கும் எல்லை

நீரைக் கிழித்துச் செல்லும் சாதாரணப் படகின் வேகத்திற்கு அதன் நீளமே வரம்பாக அமைகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற எல்லை கிடைக்கும். 36 அடி நீளமெனில் எல்லை ஏறத்தாழ 8 கடல் மைல். இதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் கூட்டினும், அது படகு தானே எழுப்பும் அலையோடு போராடுவதிலேயே பெரிதும் வீணாகும். அப்படகு 7 கடல் மைல் வேகத்தில் செல்லுமானால், தேவைப்படும் திறன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறையும்.

பற்சக்கரத்தின் பணி

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு மலையேறும் லாரியின் ஓட்டுநர் தாழ்ந்த கியருக்கு மாறுகிறார். எஞ்சின் விரைந்து சுழல, சக்கரம் மெதுவாக, ஆனால் வலுவாகச் சுழல்கிறது. படகில் நிலைமை வேறு. வழக்கமான படகுப் பற்சக்கரப் பெட்டியில் முன்னோக்கிச் செல்ல ஒரே விகிதம்தான் உண்டு. பொருத்தும் நாளில் செய்த தவற்றுக்குப் பெட்டி மாறும்வரை விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

நிமிடத்திற்கு 1,800 சுற்றுகள் சுழலும் 60 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2:1 விகிதமெனில் விசிறி 900 சுற்றுகளும், 3:1 எனில் 600 சுற்றுகளும் சுழலும். முன்னதற்கு 24 அங்குல விட்டமுள்ள விசிறி போதும். பின்னதற்கு ஏறத்தாழ 30 அங்குலம் தேவை. சிறிய விசிறி குறைந்த நீரை மிக விரைவாகப் பின்னே தள்ளுகிறது. பெரியது மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளுகிறது. பின்னதில் ஆற்றல் குறைவாகவே வீணாகிறது. வலையிழுக்கும் படகுகளில் இந்த வேறுபாடு இன்னும் மிகுதி.

விசிறி ஒரு சுற்றில் திருகுபோல முன்னேற வேண்டிய தூரம் ‘பிட்ச்’ எனப்படும். 600 சுற்றுகளும் 20 அங்குலப் பிட்சும் இருப்பின், கணக்குப்படி வேகம் மணிக்கு 9.9 கடல் மைல். நீர் நழுவுவதால் 30 விழுக்காடு கழியுமெனில், கிடைப்பது 6.9 கடல் மைல். மேற்கூறிய 36 அடிப் படகுக்கு இது பொருத்தமானதே.

நடைமுறை வரம்புகள்

பழைய படகின் பின்புறத்தில் பெரிய விசிறிக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். விசிறியின் நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையே, விட்டத்தில் 10 முதல் 15 விழுக்காடு இடைவெளியேனும் வேண்டும். இல்லையேல் அதிர்வு படகையே தளர்த்தும். 30 அங்குலத்திற்கு இடமில்லையெனில், 2.5:1 விகிதமும் 27 அங்குல விசிறியும் நடுவழியாகும். விகிதம் கூடும்போது விசிறித் தண்டின் மீது முறுக்கு விசையும் கூடும். பழைய தண்டு அதைத் தாங்குமா என்பதையும் சரிபார்த்தல் அவசியம்.

பொருத்திய பின் வெள்ளோட்டம் இன்றியமையாதது. முழு விசையில் எஞ்சின் தனக்குரிய சுற்றுகளை எட்டாமல் கரும்புகை கக்கினால், விசிறி மிகப் பெரியது, அல்லது பிட்ச் மிகுதி. உரிய சுற்றுகளை எளிதில் தாண்டினால், விசிறி சிறியது, அல்லது பிட்ச் குறைவு. இழுவலைப் படகில் இச்சோதனையை வலையை இழுக்கும்போதும் செய்ய வேண்டும். வெறும் ஓட்டத்தில் சரியாக இருந்த விசிறி, வலையிழுக்கும்போது எஞ்சினுக்குப் பெருஞ்சுமையாகலாம்.

அலுவலர் கவனத்திற்கு

டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் செலவிடும். 60 குதிரைத்திறன் பயன்படுத்தும் படகுக்கு மணிக்கு 12 லிட்டர். நல்ல விசிறியால் பத்தில் ஒரு பங்கு மிச்சமாயின், ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடும் படகில் 1,800 லிட்டர் மீதியாகும். உயர்ந்த விகிதமுள்ள பற்சக்கரப் பெட்டியின் கூடுதல் விலை ஒருமுறைச் செலவு. டீசலோ அன்றாடச் செலவு.

தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி விதிகள் எஞ்சின் திறனுக்கு 240 குதிரைத்திறன் என வரம்பு விதித்தன. வரம்புக்குள் கிடைக்கும் திறனை முழுமையாகப் பயன்படுத்துவதே இனி மீனவருக்கு நன்மை பயக்கும். ஆதலின், கடனோ மானியமோ வழங்குமுன் நீர்மட்ட நீளம், பற்சக்கர விகிதம், விசிறியின் விட்டம், பிட்ச் ஆகியவற்றை விண்ணப்பத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். இறுதித் தவணையை வெள்ளோட்ட அறிக்கை கண்ட பின்னரே விடுவிக்கலாம். பொருந்தாத விசிறியுடன் ஓடும் புதிய எஞ்சின், வாங்கிய கடனை அடைக்க வேண்டிய வருவாயையே எரித்துவிடும்.