நியூட்ரல் வேறு, எர்த் வேறு: வீட்டு ஒயரிங்கைத் தாமே செய்வோருக்கு ஒரு பாடம்



நம் அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. அதற்கு முன்பே கட்டிய வீடுகள் இங்கே ஏராளம். கீழே இரண்டு அறை, பிறகு மகனுக்குத் திருமணம் என்று மேலே ஓர் அறை, அதன் பின் மொட்டை மாடியில் ஒரு ஷீட் போட்ட அறை என வீடு வளர்ந்துகொண்டே போகும். ஆனால் மெயின் போர்டிலிருந்து வரும் ஒயர் மட்டும் அப்படியே இருக்கும். புதிய அறைக்கு ஒரு பாயிண்ட் வேண்டுமென்றால் பக்கத்துப் பிளக்கிலிருந்து இழுத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "ஒரு பாயிண்டுக்கா? இந்த வாரம் வர்றேன் பாய்" என்பார், வர மாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. சின்ன வேலைக்கு வந்து போகும் பெட்ரோல் காசு கூடத் தேறாது. கடைசியில் நாமே டெஸ்டரைக் கையில் எடுக்கிறோம்.

நானும் எடுத்தேன். அதில் நான் செய்த தவறுகளே இந்தப் பாடத்துக்கு அடிப்படை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

மாடி அறைக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஏர் கூலருக்கு ஒரு பிளக். அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் ஞாயிறு பைப்புக்குள் ஒயரை நுழைப்பதிலேயே கழிந்தது. பழைய பைப்பில் எல்போ வளைவுகள் இரண்டு. பூசும்போது விழுந்த சிமெண்ட் உள்ளே இறுகிக் கிடந்தது. இழுத்த இழுப்பில் ஒயரின் மேல்தோல் உரிந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு மாடிப்படி விளக்கு. கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். மேலே உள்ளதைப் போட்டிருந்தால்தான் கீழே உள்ளது வேலை செய்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. டூ வே ஸ்விட்சில் மூன்று முனைகள் உண்டு: ஒன்று பொது முனை, மற்ற இரண்டும் மாறும் முனைகள். கீழ் ஸ்விட்சின் பொது முனைக்கு ஃபேஸ் வர வேண்டும். மேல் ஸ்விட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குப் போக வேண்டும். மற்ற இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று இணைய வேண்டும். நான் பொது முனையையும் மாறும் முனை ஒன்றையும் இடம் மாற்றிவிட்டேன். இந்தத் தவறு வெறும் எரிச்சலோடு போயிற்று.

மூன்றாம் ஞாயிறு செய்த தவறு அப்படிப்பட்டதல்ல. கூலர் பிளக்கில் மூன்று முனை. கீழ் வீட்டிலிருந்து வருவதோ இரண்டே ஒயர். எர்த் ஒயர் பழைய ஒயரிங்கில் இல்லவே இல்லை. "நியூட்ரலும் கடைசியில் எர்த்துக்குத்தானே போகிறது" என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. சாக்கெட்டின் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டேன். கூலர் ஓடியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்த மே மாதம்

இரண்டு மாதம் கழித்து, மே மாதம் ஒரு மதியம். ஓடிக்கொண்டிருந்த கூலர் திடீரென்று நின்றது. "கரண்ட் போயிருச்சு போல" என்று எண்ணிய அம்மா, தண்ணீர் ஊற்றியாவது வைப்போம் என்று குடத்தோடு போனார்கள். வெறுங்கால், ஈரத் தரை, இரும்பு உடம்புள்ள கூலர். கை பட்டதும் தூக்கிப் போட்டது. பின்னால் கட்டில் இருந்ததால் அதன்மேல் விழுந்தார்கள், கை விடுபட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார்கள். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கை இரண்டு நாள் மரத்துப்போய்க் கிடந்தது.

மறுநாள் எங்கள் தெருவின் மூத்த ஒயர்மேன் வந்தார். படியோரம் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். நான் முறுக்கி டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயிண்ட் கருகி, விட்டுப் போயிருந்தது.

"நியூட்ரல் விட்டுப் போச்சு தம்பி. அதனாலதான் கூலர் நின்னுச்சு."

"கரண்டே இல்லன்னா எப்படிண்ணே ஷாக் அடிக்கும்?"

"கரண்ட் இல்லைன்னு யார் சொன்னா? ஃபேஸ் வந்துக்கிட்டேதான் இருக்கு. கூலர் மோட்டார் வழியா நியூட்ரல் முனைக்கு வருது. அங்கிருந்து வெளியே போக வழியில்ல. நீங்க போட்ட துண்டு ஒயர் வழியா எர்த் முனைக்கு வந்து, கூலர் பாடியில நின்னுச்சு. அம்மா தொட்டதும் அவங்க வழியா தரைக்கு இறங்கிருச்சு. நியூட்ரல் வேற, எர்த் வேற தம்பி."

நியூட்ரல் என்பது அன்றாடம் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை. எர்த் என்பது ஆபத்து நேரத்துக்கு மட்டுமான பாதை. மற்ற நேரங்களில் அதில் மின்சாரம் ஓடக் கூடாது. டிரான்ஸ்பார்மர் அருகே இரண்டும் மண்ணில் சேர்கின்றன என்பது உண்மை. ஆனால் நம் வீட்டுப் பிளக்கில் அவற்றைச் சேர்ப்பது கொலைக்குச் சமமான கவனக்குறைவு.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

இதுதான் பலருக்கும் விளங்காத இடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் மனித உடலின் தடை சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1,500-ஆல் வகுத்தால் சுமார் 0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லிஆம்பியர். பிளக் லைனில் உள்ள எம்.சி.பி. 16 ஆம்பியர் அளவுடையது. உடலில் பாய்வது அதில் நூறில் ஒரு பங்கு. எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன விளக்கு எரிவது போலத்தான். எம்.சி.பி. ஒயரைக் காப்பதற்கானது, ஆளைக் காப்பதற்கானது அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை ஆராய்ந்தார். பிடித்த கம்பியைத் தாமாகவே விட முடிகிற எல்லை சராசரியாக ஆண்களுக்கு சுமார் 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு சுமார் 10.5 மில்லிஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் தசை இறுகி, கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். 1961-ல், கசியும் மின்சாரத்தை உணர்ந்து உடனே துண்டிக்கும் கருவியை அவர் உருவாக்கினார். நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று விற்பது இந்த வகைதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். போனது திரும்பவில்லை என்றால், அது யாரோ ஒருவர் உடல் வழியாகவோ சுவர் ஈரம் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தாண்டுவதற்குள் கருவி லைனைத் துண்டித்துவிடும். வீடுகளில் இதைப் பொருத்துமாறு நம் மின்வாரியமும் அறிவுறுத்தி வருகிறது.

பொருத்தியபின் அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். விழுவதற்குக் காரணம் வீட்டில் ஏற்கெனவே கசிவு இருப்பது, அல்லது ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனோடு கலந்து வைத்திருப்பது. கழற்ற வேண்டியது கருவியை அல்ல, அந்தக் கோளாறை. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், இந்தக் கருவிக்கும் அது தெரியாது.

ஜாயிண்ட் ஏன் கருகியது?

மின்சாரம் ஓடும்போது உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் இருமடி அளவில் கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தளர்ந்த ஜாயிண்டில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று கொள்ளுங்கள். 5 ஆம்பியர் ஓடினால் அங்கே 2.5 வாட் சூடு. 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட். சுண்டு விரல் நுனி அளவு இடத்தில் 10 வாட் சூடு இடைவிடாமல் இருந்தால் டேப் உருகும், செம்பு கருகும், தடை இன்னும் கூடும், சூடு மேலும் ஏறும். என் மாடி அறையில் கூலரோடு நிற்கவில்லை. அதே லைனில் அயர்ன் பாக்ஸும் போட்டோம்.

எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கும் என்பதை வாட்டை 230-ஆல் வகுத்து அறியலாம்:

- 9 வாட் எல்.இ.டி. பல்பு: 0.04 ஆம்பியர்
- 75 வாட் ஃபேன்: 0.33 ஆம்பியர்
- 1,000 வாட் அயர்ன் பாக்ஸ்: 4.3 ஆம்பியர்
- 1,500 வாட் கெட்டில்: 6.5 ஆம்பியர்
- 2,000 வாட் கீசர் அல்லது இண்டக்ஷன் அடுப்பு: 8.7 ஆம்பியர்

சின்ன பிளக் 6 ஆம்பியர் அளவுடையது; 1,380 வாட்தான் அதன் எல்லை. கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். விளக்கு, ஃபேன் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்பது வழக்கம். ஒயரில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பச்சை நிறம் எர்த்துக்கு மட்டுமே. கையில் பச்சை மிச்சம் இருக்கிறதென்று ஃபேஸுக்குப் போட்டால், அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்குக் குழி தோண்டுகிறீர்கள்.

கோளாறு சொல்லும் சேதி

1. சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறதா? நியூட்ரல் விட்டுப் போயிருக்கலாம். அந்த லைனில் ஆன் நிலையில் உள்ள ஏதோ ஒரு சாமான் வழியாக ஃபேஸ் திரும்பி வருகிறது.

2. எல்.இ.டி. பல்பு அணைத்த பின்னும் மினுக்குகிறதா? ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கக்கூடும். அப்படியானால் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் உண்டு. ஸ்விட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி மினுக்கலாம்.

3. மெயினை அணைத்தும் ஒயரில் ஷாக் அடிக்கிறதா? இன்வெர்ட்டரை மறந்துவிட்டீர்கள். மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

4. ஸ்விட்ச் போர்டு சூடாக இருக்கிறதா, மீன் வாடை போல வருகிறதா? உள்ளே ஜாயிண்ட் கருகுகிறது. உடனே அந்த லைனை அணையுங்கள்.

5. ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பீஸ் கட்டையில் தடித்த கம்பி போடுவது, காய்ச்சல் அடிக்கிறதென்று தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது.

எதை நாமே செய்யலாம்?

பல்பு மாற்றுவது, பிளக் டாப் மாட்டுவது, ஆர்.சி.சி.பி. பட்டனைச் சோதிப்பது, வெடித்த சாக்கெட்டைக் கண்டுபிடித்துச் சொல்வது போன்றவை நம் வேலை. பட்டனைத் தவிர மற்றதற்கெல்லாம் முதலில் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் உள்ள இடத்தில் அந்த டெஸ்டர் எரிகிறதா என்று முன்பும் பின்பும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய லைன், எர்த், மெயின் போர்டு, மோட்டார், இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவை நம் வேலையல்ல. தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒயர்மேனிடம் விடுங்கள். நம் பகுதி இளைஞர்கள், தமிழ்நாடு அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறலாம். தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் போதும்.

சின்ன வேலைக்கு ஆள் வருவதில்லை என்ற குறைக்கு எங்கள் தெருவில் ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு வீட்டின் சில்லறை வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். ஏழெட்டு வேலை சேர்ந்ததும் ஒரே நாளில் ஒயர்மேனை அழைக்கிறோம். அவருக்கு ஒரு நாள் கூலி, நமக்கு முறையான வேலை.

கோடையில் நம் பக்கத்து மண் காய்ந்து வெடிக்கும். மண் காய்ந்தால் எர்த் குழியும் வலுவிழக்கும். அதில் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால்

அவரைத் தொடாதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அமுக்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் ஒரு தாளில் உங்கள் வீட்டை வரையுங்கள். எந்த எம்.சி.பி.யை அணைத்தால் எந்தப் பிளக் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியுங்கள். எந்தப் பிளக்குக்கு எர்த் இருக்கிறது என்பதை ஒயர்மேனிடம் சோதித்து எழுதுங்கள். அந்தத் தாளை மெயின் போர்டின் கதவுக்குள் ஒட்டுங்கள். சுவருக்குள் மறைந்திருக்கும் ஒயரைப் பற்றி அடுத்து வருபவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

எங்கள் வீட்டிலும் இப்போது அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. மாடி அறைக்குத் தனி லைன், பச்சை எர்த் ஒயர், மெயினில் ஆர்.சி.சி.பி. எல்லாம் வந்துவிட்டன. இருந்தும் அம்மா இன்றுவரை கூலர் பக்கம் போவதில்லை. "நீ போட்டதாப்பா, ஒயர்மேன் போட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எந்த ஸ்விட்சையும் தொடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். நான்கைந்து நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதைப் பணயம் வைக்க வேண்டாம், சகோதரர்களே!