கூடி வேட்டைக்குப் போகிற பிள்ளைக்கு

பிள்ளை,

'மொன்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்ட் வாங்கிவிட்டேன், எங்கே தொடங்குவது சித்தப்பா' என்று கேட்டிருந்தாய். எந்த ஆயுதம் எடுப்பது, எந்தக் கவசம் நல்லது என்பதை உன் வயதுப் பிள்ளைகள் என்னைவிட வடிவாகச் சொல்லித் தருவார்கள். 14 வகை ஆயுதம் உண்டு. எதை எடுத்தாலும் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். மனம் பழகத்தான் நாள் எடுக்கும். எனக்கு இருபது வருசம் எடுத்தது. அந்த இருபது வருசத்தில் பிழை விட்டுப் படித்தவற்றை எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

1. விழுகிற கணக்கு எல்லாருக்கும் பொது. நாலு பேர் வரை சேர்ந்து ஒரு பெரிய விலங்கை வேட்டையாடுகிற விளையாட்டு இது. பெரும்பாலும் 50 நிமிடம் தருவார்கள். அதற்குள் அணியில் மூன்று தரம் யாராவது மயங்கி விழுந்தால் வேட்டை தோற்றுவிடும். ஆளுக்கு மூன்று என்று நினைத்துவிடாதே. எல்லாருக்கும் சேர்த்தே மூன்று. இந்த விளையாட்டின் இனிப்பும் கசப்பும் இந்த ஒரு விதிக்குள்தான் இருக்கின்றன. சின்ன வயதில் மருதங்கேணிக் கரையில் கரைவலை இழுக்க நானும் கை கொடுத்திருக்கிறேன். வலையின் இரண்டு பக்கமும் கம்பா என்கிற நீண்ட கயிறு, கயிற்றுக்கு ஒரு கூட்டம். ஒரு பக்கத்தார் பலத்தைக் காட்டி முந்தி இழுத்தால் வலை கோணும். மடிக்குள் வர வேண்டிய மீன் வேறு வழியால் போய்விடும். ஒருநாள் நான் அப்படி இழுத்தேன். வயதான ஒருவர் என் கையைக் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டு, "தம்பி, அங்காலையும் ஆக்கள் நிக்கினம்" என்றார். முந்தி ஓடி அடிக்க வேண்டும்போல உனக்கு வரும்போதெல்லாம் அந்த வசனத்தை நினை.

2. பிறர் பங்கில் கை வைக்காதே. 2002இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்த பிறகு நகரத்தில் ஐந்து கணினிகளோடு ஒரு கடை போட்டேன். கேபிளால் ஒன்றோடொன்று இணைத்து, பின்னேரங்களில் பெடியளோடு நானும் டயப்லோ 2 விளையாடுவேன். 2000ஆம் ஆண்டு வந்த விளையாட்டு அது. அதில் பேய் செத்ததும் பொருள்கள் நிலத்தில் சிதறும். யார் முந்தி அமத்துகிறாரோ அவருக்கே சொந்தம். ஒருநாள் ஒரு சின்னப் பெடியன் அரை மணித்தியாலம் போராடி விழுத்திய பேயிடமிருந்து ஒரு மோதிரம் விழுந்தது. நான் எடுத்தேன். அவன் ஒன்றும் கதைக்கவில்லை. மேசையில் காசை வைத்துவிட்டுப் போனான். பிறகு என் கடைப் பக்கம் வரவேயில்லை. இரவோடு இரவாக வேலிக் கதியாலை அடுத்த காணிக்குள் ஓரடி தள்ளி நட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீ வாங்கிய விளையாட்டில் அந்த வேலி ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கிறது. விலங்கு விழுந்ததும் ஆளாளுக்கு வெட்டி எடுக்கலாம். உன் பங்கை ஒருவரும் தொட முடியாது. அதன் முதற் சிறப்பு அதுதான் என்பேன். வேலி இருக்கிற இடத்தில் நல்ல பிள்ளையாக இருப்பது லேசு. இல்லாத இடத்திலும் அப்படியே இரு.

3. விழுந்தவரிடம் கணக்குக் கேட்காதே. தொடக்கத்தில் உன்னை அழவைக்கப் போவது அஞ்சனாத். காட்டில் திரிகிற, நெருப்புக் கக்குகிற பெரிய பல்லி. ரொறன்ரோவில் இருக்கிற உன் மச்சான் பன்னிரண்டு வயதில் முதன்முதல் என்னோடு வந்தபோது, 47ஆவது நிமிடத்தில் மூன்றாம் தரமாக விழுந்தான். நான் ஏசவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். "சொறி மாமா" என்று மூன்று தரம் சொன்னான். அவனைச் சுட்டது என் மௌனம்தான். சொல்லால் சுடாதவன் நல்லவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த விளையாட்டில் விழுந்தவரைப் பூனைகள் ஒரு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து முகாமில் கொட்டும். வேட்டைக்கு முன் சாப்பிட்ட சாப்பாட்டின் பலன் அத்தோடு போய்விடும். திரும்பச் சாப்பிட்டுவிட்டுக் களத்துக்கு வருவதுதான் புத்தி. அதனால் இப்போது யார் விழுந்தாலும் நான் சொல்வது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டிட்டு வா ராசா, நாங்கள் நிக்கிறம்."

4. உன் வாளின் நீளம் தெரிந்து நில். உன் அடி நண்பருக்குக் காயம் தராது, ஆனால் தடுமாற வைக்கும். நீண்ட வாளைச் சுழற்றுகிறவர் பக்கத்தில் நிற்பவரை ஓயாமல் இடறவைப்பார். நான் அப்படிச் சுழற்றிய காலத்தில், பெரிய வாளை ஓங்கி நேரம் பார்த்து நின்ற ஒருவரின் அடியை நாலு தரம் கெடுத்தேன். எனக்கு அது தெரியவும் இல்லை. என் அடிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இடறாமல் காக்கிற ஒரு திறனைக் கவசத்தில் பூட்டலாம். உனக்காக இன்னொருவர் அதைப் பூட்ட வேண்டி வந்தால் அது உன் குறை. வாலுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று பிரிந்து நில்லுங்கள்.

5. நித்திரை கொள்கிற விலங்கை எழுப்பாதே. விலங்கு தூங்கும்போது விழுகிற முதல் அடிக்கு இரட்டிப்புப் பலன். அந்த அடி அணியில் ஆகப் பலமாக அடிக்கிறவருக்கு உரியது. மற்றவர்கள் வாளைத் தீட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் ஒரு சின்னக் குத்துக் குத்திப் பெரிய அடியை வீணாக்குகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேட்டைதான்.

6. துணை வேலையைச் சின்ன வேலை என்று நினைக்காதே. ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற உன் மச்சாள் எடுத்த ஆயுதம் வேட்டைக் கொம்பு. அடித்துக்கொண்டே ஊதுவாள், அந்த இசை எல்லாருக்கும் பலம் கொடுக்கும். இடுப்பில் உயிர்த்தூள் வைத்திருப்பாள். அவள் தூவினால் பக்கத்தில் நிற்கிற எல்லாருடைய உயிரும் ஏறும். 'அது அடிக்கத் தெரியாதவர்களின் ஆயுதம்' என்று நான் ஒருகாலம் சொல்லித் திரிந்தேன். அவள் வராத ஒரு சனிக்கிழமை ஒரே விலங்கிடம் மூன்று தரம் தோற்றோம். அன்றுதான் கரைவலையில் அம்பா பாடுகிறவரின் அருமை எனக்கு விளங்கியது. அவர் பாடிக்கொண்டே தானும் இழுப்பார். பாட்டு நின்றால் கயிறு இரண்டு மடங்கு பாரமாகும்.

7. விளையாட்டின் குறையை நண்பரின் தலையில் போடாதே. குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். கூடி விளையாடவென்றே செய்த விளையாட்டில், கதைக் காட்சியை ஒவ்வொருவரும் முதலில் தனியாகப் பார்த்து முடித்தால்தான் மற்றவரைச் சேர்க்க விடும். கணினியில் வாங்கியவரும் பிளேஸ்டேசனில் வாங்கியவரும் சேரவே முடியாது. 2018இல் வந்த புதிதில், இரண்டு பேர் போனாலும் நாலு பேருக்குரிய உயிரோடு விலங்கு வந்து நிற்கும். 2019 செப்டெம்பரில் ஐஸ்போர்ன் என்கிற விரிவாக்கம் வந்த பிறகுதான் இருவருக்கென்று ஓர் அளவு வைத்தார்கள். அதுவரை நானும் உன் மச்சானும் எத்தனை தரம் ஒருவரை ஒருவர் நொந்துகொண்டோம்! பிழை எங்கள் இருவரிலும் இல்லை, தராசில் இருந்தது. நீ காட்சிகளைக் கிழமை நாளில் தனியாகப் பார்த்து முடித்துவிடு. கூடுகிற நேரம் கூடுவதற்கே இருக்கட்டும்.

8. கிடைக்காத கல்லுக்காக நேரத்தை வெறுக்காதே. ரத்தலோஸ் என்கிற பறக்கும் நாகத்திடம் ஒரு சிவப்பு மணி இருக்கிறது. ஒரு தரம் வெட்டினால் அது கிடைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, மூன்று என்கிற அளவில்தான். எனக்கு அது வேண்டியிருந்தபோது மற்ற இருவருக்கும் கிடைத்தது. 'வாழ்த்துகள்' என்று எழுதிய என் கையில் பொறாமை இருந்தது. அன்று ரத்தலோசுக்குப் பின்னால் மலை ஏறிய மூன்று மணித்தியாலமும் நாங்கள் சிரித்துக் கதைத்தவை இன்றைக்கும் ஞாபகம். அந்த மணி பிறகு எப்போது கிடைத்தது என்பது ஞாபகமில்லை.

9. தெரியாதவர் உதவிக்குக் கூப்பிட்டால் போ. வேட்டையில் திணறுகிறவர் வானத்தில் ஒரு வெடி விடலாம். அதைக் கண்டு உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வரலாம். மொழி தெரியாது, முகம் தெரியாது. உனக்கு அந்தப் பொருள் தேவையில்லாத நாளிலும் போ. அஞ்சனாத்திடம் நான் திணறிய முதல் கிழமை ஒருவர் அப்படி வந்தார். என்னையே அடிக்க விட்டுவிட்டு எனக்கு மருந்து மட்டும் தூவிக்கொண்டு நின்றார். முடிந்ததும் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கடனை இன்னும் தெரியாதவர்களிடம்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

10. போகும்போது சொல்லிவிட்டுப் போ. எங்கள் ஊரில் 'போறன்' என்று சொல்வதில்லை, 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வோம். வேட்டை நடுவில் ஓடிப்போகாதே. அம்மா கூப்பிட்டால் ஒரு சொல் சொல்லிவிட்டு எழும்பு. சொல்ல முடியாத காலமும் எனக்கு வந்தது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வேட்டை பாதியில் நிற்கத் திரை இருண்டது. விலங்கை அவர்களின் தலையில் விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று இருட்டில் குந்திக்கொண்டு வெட்கப்பட்டேன். கோபித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் மச்சான் ஒரு படம் அனுப்பினான். ரொறன்ரோவில் அவன் அறைச் சுவர். அதில் எங்கள் பகுதிக்கு எப்போது கரண்ட் நிற்கும், எப்போது வரும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள். அதற்குப் பிறகு எங்கள் வேட்டையெல்லாம் அந்தத் தாளின்படிதான் நடந்தது. பன்னிரண்டு வயதில் என்னிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்ட பிள்ளை அவன்.

வருகிற சனிக்கிழமை இரவு ஏழரைக்கு வா. ரொறன்ரோவில் காலை பத்து, ஒஸ்லோவில் பின்னேரம் நாலு. நாங்கள் மூன்று பேர். நாலாவது இடம் உனக்கு. அஞ்சனாத்திடம்தான் போகிறோம். நீ விழுவாய், பிள்ளை. சாப்பிட்டிட்டு வா, நாங்கள் நிக்கிறம்.

அன்புடன்,
சித்தப்பா