கொங்கிறீற்றில் வெடியாணி அறைதல்

விதைநெல் அறையில் மரச்சட்டம் பொருத்த, வெடிமருந்துத் தோட்டாவால் ஆணி அறையும் கருவியைப் பயிற்சி பெற்றவரே கையாளல் வேண்டும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கல்முனை, மருதமுனைப் பகுதிகளில் எழுந்த சுவர்கள் பல சீமெந்துக்கற்களால் ஆனவை. பூச்சினால் கொங்கிறீற்றுப் போலத் தோன்றும். அங்கே சுட்டால் ஆணி ஊடுருவி, மறுபுறம் நிற்கும் பிள்ளையைக் கொல்லவுங் கூடும்.

ஆதலால் கண்ணுக்குக் காப்பணிந்து, அவ்வாணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். முனை மழுங்கினாலும், சுவர் வெடித்தாலும், ஆணி இலகுவில் உட்புகுந்தாலும் சுடலாகாது. விளிம்பிலிருந்து 3 அங்குலமேனும் விலகுக. தோட்டா வெடியாவிடின் கருவியைத் திருப்பிப் பாராது, சுவரோடு அழுத்தியவாறே 30 விநாடி பொறுத்து, பின் கழற்றி நீரில் இடுங்கள்.

நீரிறைக்கும் இயந்திரத்தின் அடித்தளம் ஓயாது அதிர்வது. அதற்கு இம்முறையை நாம் விரும்புவதில்லை. துளையிட்டுப் போல்ற் இறுக்குவதே நன்று.